அப்பாவின் பண்டிகை

குளிர்கால இரவு. சிகாகோ நகரை அடுத்த ஒரு புறநகர்ப் பகுதி. வீட்டு வாசலில் மாமனார், மாமியார், அப்பா, அம்மா, மனைவி, மக்கள் எல்லோரும் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். குடும்பத் தலைவர், தாம் பாடுபட்டு வீடு முழுவதும் கட்டிய 25,000 விளக்குகளையும் ஏற்றிக் காட்டப் போகிறார். நூறு நூறு விளக்குகள் கொண்ட 250 சரங்கள்! மின்சாரக் கம்பியை இணைக்கிறார். ஒரு விளக்குக்கூட எரியவில்லை. மாமனார் ஒரு குத்தல் வார்த்தை சொல்கிறார்.

அந்த மனிதரின் பெயர் கிளார்க் கிரிஸ்வால்ட். படத்தின் பெயர் 'நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்துமஸ் வெகேஷன்'. 1989-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி அமெரிக்காவில் வெளியாயிற்று. ஜெரமையா செச்சிக் என்பவர் டைரக்ட் செய்த முதல் படம். கிளார்க்காக நடித்தவர் செவி சேஸ். அமெரிக்காவில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. விமரிசகர்கள் அவ்வளவாக மெச்சவில்லை. ஆயினும் டிசம்பர் பிறந்தால் இந்தப் படத்தைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு உட்காருவது அந்நாட்டில் பல வீடுகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு தடவை சிரித்துவிட்டு மறந்து போக வேண்டிய அமளிப் படத்துக்கு இவ்வளவு ஆயுள் எங்கிருந்து வந்தது?

நான் இதை முதல் தடவை பார்த்தபோது வாலிபன். கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து ஓர் அணில் பாய்ந்து வீட்டையே கலக்குவதையும், கத்தி பட்ட மாத்திரத்தில் வான்கோழி பிளந்து வெறும் காற்றாய்ப் போவதையும் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். இரண்டாம் தடவை பார்ப்பதற்குள் எனக்குக் கலியாணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்டன. சிரிப்பு அப்போதும் வந்தது. ஆனால் வேறு இடங்களில் வந்தது. சில இடங்களில் வரவே இல்லை. அந்த வித்தியாசந்தான் என்னைச் சரித்திரத்தின் பக்கம் திருப்பியது.

கிறிஸ்துமஸ் என்றால் குடும்பப் பண்டிகை என்று இன்று நினைக்கிறோம். அமெரிக்காவில் அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. மாஸசூஸெட்ஸில் குடியேறிய ப்யூரிடன் பிரிவினர், அதைக் கொண்டாடுகிறவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டமே செய்தார்கள். 1681 வரையில் அந்தச் சட்டம் இருந்தது. வேறு பல ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அது தெருப் பண்டிகையாகவே இருந்தது. குடியும் கூச்சலுமாகக் கும்பல் கும்பலாய்ப் போவார்கள். பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாப்பாடும் மதுவும் கேட்பார்கள்.

பிறகு கொஞ்சங் கொஞ்சமாகப் பண்டிகை வீட்டுக்குள் வந்தது. விக்டோரியா ராணி தம் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரம் 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. இரண்டு வருஷத்துக்குள் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ராணியின் கிரீடத்தை எடுத்துவிட்டு, சாதாரணக் குடும்பத்தின் படமாக அதைப் பிரசுரித்தது. 1870-இல் சர்க்கார் விடுமுறை வந்தது. 1882-இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் 80 மின்சார விளக்குகளை எரியவிட்டார்.

தெருவில் நடந்த பண்டிகைக்கு யாரும் பொறுப்பில்லை. வீட்டுக்குள் வந்த பண்டிகைக்கோ ஒரு பொறுப்பாளி தேவைப்பட்டது. வேலையெல்லாம் பெரும்பாலும் அம்மாக்களின் தலையில் விழுந்தது. செலவும், ஊர் மெச்ச வேண்டுமே என்ற கவலையும் அப்பாக்களின் தலையில் விழுந்தன. 80 விளக்கு 25,000 விளக்கானது அந்தக் கவலையினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கவலையைக் கதையாக்கியவர்களில் முதன்மையானவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1824-இல், அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவருடைய தகப்பனார் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் அடைபட்டார். சிறுவனோ பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷம் கழித்து, 1843 டிசம்பரில், 'எ கிறிஸ்துமஸ் கரோல்' வெளிவந்தது. அதிலே பாப் கிராச்சிட் என்ற குமாஸ்தா, வாரம் 15 ஷில்லிங் சம்பளத்தில், கஞ்ச முதலாளியின் கீழ் உழைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பண்டிகை நடத்துகிறான். அப்பாவின் கையில் பணம் இல்லாத நாளைப் பிள்ளைகள் லேசில் மறப்பதில்லை.

'கிறிஸ்துமஸ் வெகேஷ'னை எழுதிய ஜான் ஹியூஸ் 1950-இல் பிறந்தவர். சிகாகோவில் விளம்பர வாசகங்கள் எழுதும் உத்தியோகம் பார்த்தவர். 'நேஷனல் லாம்பூன்' என்ற ஹாஸ்யப் பத்திரிகையின் 1980 டிசம்பர் இதழில் 'கிறிஸ்துமஸ் 59' என்ற சிறுகதையை எழுதினார். அந்தக் கதையைச் சொல்பவன் ஒரு சிறுவன். பெரியவர்கள் போடும் அமளியைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். ஒன்பது வருஷம் கழித்து அதைப் படமாக்கியபோதோ கதை தகப்பனின் கையில் போய்விட்டது. அதற்குள் ஹியூஸே இரண்டு பையன்களுக்குத் தகப்பனார் ஆகியிருந்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் ஒரு காட்சியைப் பாருங்கள். எல்லோரும் கடைக்குப் போன சமயம் கிளார்க் மேல்மாடத்துப் பரணில் அகப்பட்டுக்கொள்கிறார். குளிருக்காகப் பழைய பெட்டியிலிருந்து பெண்பிள்ளைகளின் உடைகளை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அங்கே கிடந்த குடும்பப் படச்சுருளை ஓட்டிப் பார்க்கிறார். தாம் சிறுவனாயிருந்த காலத்துக் கிறிஸ்துமஸ்! அவர் கண்களில் நீர் ததும்புகிறது. படத்தில் யாரும் சிரிக்காமல் பார்க்கும் காட்சி இதுதான். பிற்பாடு ஒருநாள் தம் தகப்பனாரிடம் கேட்கிறார்: "நம் வீட்டுப் பண்டிகைகள் எப்போதுமே ஒரே குழப்பமாயிருக்குமே, எப்படிச் சமாளித்தீர்கள்?" கிழவர் விஸ்கியின் பெயரைச் சொல்லி, அதன் உதவியால்தான் என்கிறார். படச்சுருளில் அந்தக் குழப்பம் ஒன்றும் விழவில்லை. பிள்ளையின் சந்தோஷம் மட்டுமே விழுந்திருக்கிறது.

இந்தத் தகப்பனுக்கு நேரும் உண்மையான அடி விளக்கோ வான்கோழியோ அல்ல. கிளார்க் ஓர் உணவுக் கம்பெனியில் ரசாயனம் கண்டுபிடிப்பவர். காலைத் தானியப் பலகாரம் பாலில் நமத்துப் போகாமலிருக்க ஒரு மெருகு கண்டுபிடித்திருக்கிறார். போனஸ் வரும் என்று நம்பி, நீச்சல் குளம் வெட்டுவதற்கு 7,500 டாலர் முன்பணமும் கட்டிவிட்டார். கையில் அவ்வளவு பணம் கிடையாது. பண்டிகைக்கு முதல்நாள் இரவு கம்பெனியின் உறை வருகிறது. சுற்றமெல்லாம் சூழ்ந்து நிற்க, அவர் பிரிக்கிறார். உள்ளே காசோலை இல்லை. மாதத்துக்கு ஒரு தினுசு பழ ஜெல்லி அனுப்பும் சங்கத்தில் ஒரு வருஷச் சந்தா! எங்கள் வீட்டில் தீபாவளித் துணி எடுப்பது அப்பாவின் போனஸைப் பொறுத்திருந்தது. ஆகவே அந்த உறையைக் கண்டு இரண்டாம் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவு முடையிலும் கிளார்க் ஒரு காரியம் செய்திருக்கிறார். மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரியின் புருஷன் எட்டி, பல வருஷமாய் வேலையில்லாதவன். அழையாத விருந்தாளியாய்ப் பிள்ளைகளோடு வந்து இறங்கியவன். அந்தப் பிள்ளைகளுக்கும் பரிசு வாங்கித் தருவதாகக் கிளார்க் சொல்கிறார். எட்டி சட்டென்று ஜாபிதாவை எடுத்து நீட்டுகிறான்! ஆனால் அந்த எட்டிதான் பின்னால் நன்றிக்கடனாக முதலாளியையே கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறான். முதலாளியின் மனைவி அவரைக் கடிந்துகொள்ள, அவர் மனம் மாறி, போன வருஷத்துப் போனஸோடு 20 சதவிகிதம் கூட்டித் தருகிறார்.

இந்த முடிவை நான் நம்பவில்லை. முதலாளிகள் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவதில்லை. ஃபிராங்க் காப்ரா 1946-இல் எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' இன்னும் நேர்மையானது. அதில் 8,000 டாலரை அமுக்கிக்கொண்ட பணக்காரன் கடைசிவரை திருந்தவே இல்லை; ஊரார்தான் கைகொடுக்கிறார்கள். அந்தப் பழைய படம் கிளார்க்கின் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுவதையும் நாம் பார்க்கிறோம். காப்ராவின் பேரர் இந்தப் படத்தில் உதவி டைரக்டராக வேலை செய்தார்.

ஆனாலும் கடைசிக் காட்சியை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். எட்டி தன் வண்டிக் கழிவைக் கொட்டிய சாக்கடையில் விஷவாயு நிறைந்திருக்கிறது. கிழட்டு மாமாவின் சுருட்டு நெருப்புப் பட்டு அது வெடிக்கிறது. முற்றத்துப் பிளாஸ்டிக் சாண்டா கிளாஸ் ஆகாயத்தில் பறக்கிறார். வயதான பெத்தனி அத்தை திடீரென்று தேசிய கீதம் பாட ஆரம்பிக்கிறாள். அந்த வேஷத்தில் நடித்த மே க்வெஸ்டல், பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண்ணுக்கு ஒரு காலத்தில் குரல் கொடுத்தவர். அதுவே அவருடைய கடைசிப் படம். போலீஸார் உள்படச் சகலரும் சேர்ந்து பாடுகிறார்கள். பிறகு எல்லோரும் உள்ளே போகிறார்கள். கிளார்க் மட்டும் வெளியே நின்று, தாம் செய்து முடித்துவிட்டதாகத் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்.

அவர் திட்டமிட்டது ஒன்றுமே நடக்கவில்லை. மரம் எரிந்து போயிற்று, விருந்து பாழாயிற்று. ஆனால் உள்ளே அவருடைய பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 1989-இல் பெற்றோர் மடியில் உட்கார்ந்து இதைப் பார்த்த குழந்தைகள் இன்று தாங்களே பெற்றோராகி, தங்கள் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். குழந்தைகள் அணிலைப் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் அந்த உறை வரும் இடத்தில் சற்று மௌனமாயிருப்பார்.