வீடு தேடிச் சென்ற தாதியர்

நியூயார்க் நகரத்தின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளில், வைத்தியசாலைக்குப் போக வகையற்றுக் கிடந்தவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே சிசுருஷை செய்வதென்று 1893-ஆம் ஆண்டு லிலியன் வால்ட் என்னும் இளம் தாதி புறப்பட்டபோது, அந்தப் பணிக்கு ஒருகாலத்தில் ஆபத்துக் காலத் திட்டமும், அதைப் பரிசோதிக்க அரசாங்க அதிகாரிகளும் தேவைப்படுவார்கள் என்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. மேரி ப்ரூஸ்டர் என்ற தோழி உடனிருந்தார். 1895-இல், ஜேக்கப் ஷிஃப் என்ற செல்வந்தரின் தயவால், ஹென்றி தெருவில் 265-ஆம் எண் வீடு கிடைத்தது. அங்கிருந்து கிளம்பிய தாதியர், ஒரு கட்டடத்தின் படிகளில் இறங்கி அடுத்த கட்டடத்தின் படிகளில் ஏறுவது வீண் பிரயாசை என்று கண்டு, கையில் பையுடன் மொட்டை மாடிச் சுவர்களைத் தாண்டியே நோயாளிகளைப் பார்த்து வந்தார்கள். எந்த மாடியில் யார் கிடக்கிறார், யாரை இன்றே பார்த்தாக வேண்டும், யார் நாளைவரை பொறுப்பார் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடமாகவே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்குக்கு மிஞ்சிய சோதனை 1918-ஆம் ஆண்டின் விஷ ஜுரம். பயிற்சி பெற்ற தாதியரில் பலர் யுத்த சேவைக்குப் போய்விட்டிருந்த வேளையில், வீட்டுக்கு வீடு நோய் பரவிற்று. அக்டோபர் மாதத்தில் வால்ட் தலைமையில் தாதியர் அவசர சபை ஒன்று கூடி, தனித்தனியே இயங்கிய பல ஸ்தாபனங்களை ஒரே நிர்வாகத்தின் கீழ்த் திரட்டியது. ஐந்தாம் அவென்யூவின் பெரிய கடைகளின் படிகளில் நின்று, கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் போவோர் வருவோருக்கெல்லாம் உதவிகோரும் துண்டுப் பிரசுரங்களை நீட்டினார்கள். மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் சூப் காய்ச்சினார்கள், துணிமணிகளைச் சேர்ப்பித்தார்கள், மோட்டார் ஓட்டினார்கள். தாதிக்குத் தாதி வேலையையும், மற்றவர்க்கு மற்ற வேலையையும் பகிர்ந்து கொடுத்த அந்த ஏற்பாடுதான் அச்சபையின் பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம்.

1965-இல் மெடிகேர் சட்டம் வந்து, முதியோருக்கு வீட்டில் செய்யும் சிகிச்சைக்கு அரசாங்கமே பணம் கொடுக்கத் தொடங்கியதும், தர்மத்தை நம்பியிருந்த பணி ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. நாளடைவில் பிராணவாயு இயந்திரமும் சுவாச இயந்திரமும் படுக்கை அறைக்குள் வந்து சேர்ந்தன. வைத்தியசாலையில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டு. நாலாவது மாடியில் தனியே இருக்கும் கிழவிக்கு என்ன உண்டு?

இந்தக் கேள்விக்கு விடை தேடவைத்தவை வெள்ளமும் புயலுமே. 2005 ஆகஸ்டு 29-இல் கத்ரீனா புயல் கரையேறி, நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்தபோது, லூசியானாவில் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2012 அக்டோபர் 29-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்க, மன்ஹாட்டனின் தென்பகுதி இருளில் மூழ்கியது; லிப்டுகள் நின்றன; வால்ட் தொடங்கிய மரபில் வந்த தாதியர், கையில் டார்ச் விளக்குடன் உயர்ந்த கட்டடங்களின் படிகளில் ஏறினார்கள்.

கத்ரீனாவுக்குப் பதினோராண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில், அமெரிக்க மத்திய அரசு 17 வகை மருத்துவ ஸ்தாபனங்களுக்கு, ஆபத்துக் கால ஆயத்தம் பற்றிய பொதுவான விதிகளை வெளியிட்டது. 2017 நவம்பர் 15-க்குள் அவற்றை அனுஷ்டிக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது. இத்தனை தாமதம் மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் வீட்டுச் சிகிச்சை ஸ்தாபனங்களைப் பற்றிய பகுதியை எழுதியவர்கள் விஷயம் அறிந்தவர்கள். நோயாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு திட்டம் வேண்டும். அவரது நிலையை மதிப்பிடும்போதே அதையும் வகுத்துவிட வேண்டும். வீட்டை விட்டு வெளியேற்றப்பட வேண்டியவர்களைப் பற்றி உள்ளூர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சேவை தடைப்பட்டால் நோயாளிகளையும் பணியிலிருக்கும் ஊழியர்களையும் தொடர்பு கொள்ள முயன்று, எட்டாதவர்கள் யார் என்பதையும் அறிவிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதில் வராத தொலைபேசியையும் ஒரு செய்தியாக அது மதிக்கிறது.

ஸ்தாபனங்கள் தங்கள் ஆபத்துக் காலத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்வது சுமையென்ற முறையீட்டுக்கு இணங்கி, 2019 செப்டம்பரில் அது ஈராண்டுக்கு ஒருமுறை போதும் என்று தளர்த்தப்பட்டது. உண்மையான ஆபத்து நேர்ந்து திட்டத்தைச் செயல்படுத்திய ஸ்தாபனத்துக்கு அத்திட்டத்தைச் சோதிக்க நடத்த வேண்டிய அடுத்த பெரிய ஒத்திகையிலிருந்து விலக்கு உண்டு என்றும் விதி இருந்தது. 2020-இல் கொரோனா வந்த பிறகு, அந்த விலக்குக்குத் தகுதி பெறாத ஸ்தாபனம் அபூர்வமாகத்தான் இருந்திருக்கும்.