சங்கமும் சபையும்: தாம்பரம் வட்டாரத்தில் தெரு நிர்வாகம்

1. எல்லை

தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், செம்பாக்கம், முடிச்சூர் ஆகிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின், வேலை நகரத்திலும் வீடு இங்குமாக வாழ்வது வழக்கமாயிற்று. ஆனால் வீடுகள் பெருகிய வேகத்தில் நிர்வாகம் பெருகவில்லை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில்தான். முடிச்சூர் அப்போது அதில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது.

இடைப்பட்ட காலத்தில் தெருவை நடத்தியது யார்? பெரும்பாலும் குடியிருப்போர் நலச்சங்கம். உள்ளாட்சி எட்டாத இடத்தில் அது வளர்ந்தது. அதன் பலமும் குறையும் அங்கிருந்தே வருகின்றன என்பது என் வாதம்.

2. மனைப்பிரிவு விட்டுச்சென்ற வேலை

வயலை மனையாக்கி விற்றவர் கல் நட்டுவிட்டுப் போய்விடுவார். வரைபடத்தில் முப்பதடிச் சாலை இருக்கும். தெருவிளக்கும் வடிகாலும் சாக்கடையும் வீடு கட்டியவர் தேடிப் போக வேண்டியவை. முதலில் குடியேறிய சில குடும்பங்கள் கூடி மனு எழுதும்போது சங்கம் பிறக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதற்கு ஏழு பேர் போதும். தனியாள் கொடுக்கும் மனுவையும், பதிவு எண்ணும் ரப்பர் ஸ்டாம்பும் கொண்ட லெட்டர்பேடில் போகும் மனுவையும் அலுவலகங்கள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

இன்னொரு வேலை காவல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பூங்கா இடத்தில் ஒருநாள் கொட்டகை முளைக்கும், மறுவருடம் அது கடையாகும். அப்போது கேட்க ஆள் வேண்டும். கேட்பவர் கையில் அப்ரூவ்டு பிளான் நகலும் வேண்டும். பல நகர்களில் அந்த நகல் முன்னாள் செயலாளர் ஒருவரின் பீரோவில்தான் இருக்கும். அவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போனால் நகரின் ஆவணக் காப்பகமும் கூடவே போய்விடும்.

3. தண்ணீர்

சங்கத்தின் நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. புறநகர் வீட்டுக்குத் தண்ணீர் ஒரே வழியில் வருவதில்லை. குளிக்க, துவைக்க போர், அது வற்றினால் லாரி, குடிக்க கேன், குழாய் இருக்கும் தெருவில் சில நாளுக்கொருமுறை உள்ளாட்சித் தண்ணீர். 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதன் பயனை நிலத்தடி நீர் சில ஆண்டுகள் காட்டியது. தூர்வாரப்படாத தொட்டிகளும் மண் மூடிய குழிகளும் 2019 கோடையில் தம் கணக்கைச் சொல்லின. ஆழப் போர்களும் காற்றைக் கக்கின. முன்பதிவு செய்த லாரி பல நாள் கழித்து வந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சண்டை அப்போதுதான் உண்மையாகத் தொடங்குகிறது. லாரி சம்ப்பில் கொட்டுகிறது, சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறுகிறது, தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்குகிறது. எந்த வீடு எவ்வளவு செலவழித்தது என்று தனி மீட்டர் இல்லாமல் யாருக்கும் தெரியாது. லாரிப் பணத்தை எப்படிப் பங்கிடுவது? வீட்டுக்கு இவ்வளவு என்றால், வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீடு ஆறு பேர் வீட்டுக்குச் சேர்த்துக் கட்டுகிறது. சதுர அடிக் கணக்கென்றால், பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு அமெரிக்கா போனவர் கொதிக்கிறார். தலைக்கு இவ்வளவு என்றால், விருந்தாளி வந்த மாதம் என்ன செய்வது என்று கேட்க ஒருவர் கட்டாயம் இருப்பார். இதற்கு நியாயமான விடை மீட்டர்தான். பழைய கட்டடத்தில் குழாய்கள் பல வழியாகப் பிரிந்து இறங்குவதால் ஒரு வீட்டுக்கே நாலைந்து மீட்டர் பொருத்த வேண்டியிருக்கும். ஆகவே சமையலறைக் குழாய் இரவு பத்துக்கு மேல் வராது என்பது போன்ற தற்காலிக ஒப்பந்தங்களிலேயே காலம் ஓடுகிறது. இவற்றை எழுதி ஒட்டி, வசவு வாங்கி, அடுத்த மாதமும் வசூலுக்குப் போகும் பொருளாளரைப் பற்றி நகரியல் ஆய்வுகள் அதிகம் பேசுவதில்லை.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க் நிரம்பினால் கழிவுநீர் லாரி. அதற்கும் இதே கணக்கு.

4. கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே ஆண்டனர். குப்பை எடுக்கவில்லையென்றால் யாரைக் கேட்பது என்ற எளிய கேள்விக்குக்கூட வார்டில் முகம் இல்லை.

அதற்குச் சற்று முன்புதான் 2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 செ.மீ. மழை, அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்த மாடிக்குப் படகு போக வேண்டும் என்ற தகவல் தெருக்காரர்களிடம்தான் இருந்தது. சிட்லபாக்கம் ஏரியில் 2019இல் குடியிருப்போரே இறங்கிக் குப்பை அள்ளினர். பின் அரசு சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. மனுவும் மண்வெட்டியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ஏரிக்கரையில் ஆக்கிரமிப்பு என்று மனுவில் குறிக்கப்படுபவையும் யாரோ குடும்பங்களின் வீடுகள்தாம். அந்தக் குடும்பங்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்ல.

5. உறுப்பினர் யார்

பெரும்பாலான சங்கங்களில் வாக்கு வீட்டு உரிமையாளருக்கு. வாடகைக்காரர் மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுவார். பொங்கல் கோலப் போட்டிக்கு நன்கொடை தருவார். கூட்டத்தில் வாய் திறந்தால் "ஓனரை வரச் சொல்லுங்க சார்" என்பார்கள். இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன், வீட்டுவேலைக்கு வரும் அக்கா ஆகியோர் பெயர் தீர்மானங்களில் வருவது பெரும்பாலும் கட்டுப்பாட்டின் பொருளாக மட்டுமே. சேவை வந்து சேர்ந்த நகர்களில் சங்கத்துக்கு மிஞ்சும் வேலை கேமராவும் கேட்டும்தான். அப்போது அது காவல் சங்கமாகச் சுருங்குவதை நான் நல்ல அறிகுறியாகக் கொள்ளவில்லை.

6. பகுதி சபை

2022இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அப்பகுதி வாக்காளர் அனைவரையும் உறுப்பினராக்குவது இதன் அடிப்படை. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கோட்பாட்டளவில் இது சங்கத்தைவிட அகலமான வாசல்: பத்திரம் வேண்டாம், வாக்காளர் பட்டியல் போதும். ஏரிக்கரைக் குடும்பமும் இஸ்திரி வண்டிக்காரரும் ஓனருக்குச் சமமாக உட்காரலாம். பகுதிப் பிரதிநிதிகள் தேர்தலில் வராமல் நியமனத்தில் வருவது குறை.

அதைவிட நடைமுறையான தடை ஒன்று உண்டு. இங்கு வாடகைக்கு இருப்பவர் பலரின் ஓட்டு இன்னும் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ இருக்கிறது. தேர்தலுக்கு ஊருக்குப் போவது அவர்களுக்கு ஒரு பிடிப்பு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு ஓட்டை மாற்றுவதில் அர்த்தமும் தெரிவதில்லை. சங்கத்தில் பத்திரம் இல்லாததால் வெளியே நின்றவர், சபையில் பட்டியலில் பெயர் இல்லாததால் வெளியே நிற்கிறார். பணத்தை மட்டும் இரண்டு இடத்துக்கும் கட்டுகிறார்: ஒன்று மெயின்டனன்ஸாக, மற்றொன்று வாடகைக்குள் ஏற்றப்பட்ட சொத்துவரியாக.