வெல்லச வனத்துத் துரைசாமி

ஊரை நீத்து வனம் புகுவோர் பெரும்பாலும் தம் பெயரையும் துறந்தே செல்வர். ஊவா வரலாற்றிலோ, வனத்திடை வாழ்ந்த ஒருவர் தம் பெயரைத் துறந்ததோடு அமையாது, அரசகுலப் பெயரொன்றைப் பூண்டு மன்னராகவே வெளிப்பட்டார். அவரே வில்பாவே என்னும் முன்னாள் பௌத்த பிக்கு. 1817ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கே பரந்து கிடந்த வெல்லசக் காட்டில், கதிர்காமக் கடவுளின் அருள்பெற்றவராகவும் நாயக்கர் அரசகுலத்துத் துரைசாமியாகவும் அவர் தம்மை அறிவித்துக்கொண்டார்.

இப்பெயரை அவர் தேர்ந்தமைக்குக் காரணம் யாது? 1739 முதல் 1815 வரை கண்டி அரியணையில் அமர்ந்த மன்னர் நால்வரும் தென்னிந்திய நாயக்கர் வழியினர். 1815 மார்ச் 2ஆம் நாளைய கண்டி உடன்படிக்கை, ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் அரசுரிமையைப் பறித்தது. அம்மட்டோ! அவனுடைய உறவின் ஆடவரையும், உறவினரெனக் கூறிக்கொள்ளும் ஆடவரையும் பகைவரெனச் சாற்றி, அனுமதியின்றிக் கண்டி நாட்டினுள் புகுதலையும் தடைசெய்தது. எனவே, துரைசாமி என்னும் பெயரைச் சொல்வதே ஆங்கிலேயர் ஆட்சியை மறுப்பதாயிற்று. வெல்லசச் சிங்களக் குடிகள் அப்பெயரை அந்நியமெனத் தள்ளவில்லை. இழந்த அரசின் அடையாளமாகவே ஏற்றனர்.

செய்தியறிந்து பதுளையிலிருந்து சென்ற ஆங்கிலேய அதிகாரி சில்வெஸ்டர் வில்சன், 1817 செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். கலகத்தை அடக்குமாறு அனுப்பப்பட்ட திசாவை கெப்பெட்டிப்பொல கலகக்காரரோடு சேர்ந்துகொண்டமையால், போர் மலைநாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஆங்கிலப் படை வீடுகளையும் விளைபொருள்களையும் அழித்தது. போரினாலும் பஞ்சத்தினாலும் நோயினாலும் மாண்ட கண்டி மக்கள் 10,000 பேர் வரை இருக்கலாமெனப் படை மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டார்.

பூண்ட வேடம் நெடுநாள் நிலைக்கவில்லை. கலகத் தலைவருள் ஒருவரான மடுகல்ல, 1818இல் வில்பாவேயின் உண்மையை வெளிப்படுத்தி, அவரைத் தொழுமரத்தில் மாட்டினார். அவ்வாண்டு நவம்பரில் கெப்பெட்டிப்பொல சிரச்சேதம் செய்யப்பட்டார். வில்பாவேயோ தப்பித் தலைமறைவானார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே ஆட்சியாளர் கையிற் சிக்கினார். அரசரல்லர் என்பது வெளிப்பட்ட பின்னரும் அவர் இத்துணைக் காலம் மறைந்திருந்தமைக்குக் காட்டின் அடர்த்தி மட்டும் காரணமாகாது. காட்டிக்கொடாத மக்களின் மௌனமும் காரணமாதல் வேண்டும்.

காலம் மாறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடியின் உடைமையாகக் கொண்டது. ஊவாவின் மலைச்சரிவுகளில் கோப்பியும் அதன்பின் தேயிலையும் செழித்தன. நாயக்க மன்னனின் உறவினரை முன்பு பகைவரெனத் தடுத்த அதே ஆட்சியின் கீழ், தமிழகத்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். காடழித்துத் தோட்டமாக்கிய அவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. பல உடன்படிக்கைகளும் சட்டங்களும் வந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் வழிவகுக்கும் வரை அக்குறை முற்றாகத் தீரவில்லை.

1817இல் ஊவாக் காட்டில் ஒரு தமிழ்ப் பெயர் அரசுரிமை கோரவே போதியதாயிருந்தது. 1948இல் அதே ஊவாவில் தலைமுறைகளாக உழைத்த தமிழருக்கோ, வாழ்ந்த மண்ணின் குடியுரிமை கோரவும் அவர்தம் உழைப்புப் போதாததாயிற்று. வெல்லச வனத்துத் துரைசாமியின் கதை இன்றும் நினைக்கத்தக்கதாவது இதனாலேயே.