சூடு ஏறினால் எக்ஸ்-ரே புள்ளிகள் மங்குவது ஏன்?

ஓர் உப்புக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அசையாமல் கிடப்பதுபோல் தெரியுது, இல்லையா? ஆனால் உள்ளே ஒவ்வோர் அணுவும் ஓயாமல் அதிர்கிறது. சூடு கூடக் கூட அதிர்வும் கூடும்.

அந்த அதிர்வு எக்ஸ்-ரே கதிர்களை எப்படிப் பாதிக்கிறது?

முதலில், படிகம் என்றால் என்ன?

அணுக்கள் வரிசை வரிசையாக அமைந்த திடப்பொருள். அதில் எக்ஸ்-ரே பட்டால், கதிர்கள் சில திசைகளில் மட்டும் ஒன்றுசேர்ந்து பிரகாசமான புள்ளிகளாகப் பதியும். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

1912இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மேக்ஸ் வான் லாவே இந்த யோசனையைச் சொன்னபோது, "அணுக்கள்தான் அதிர்கின்றனவே, புள்ளிகள் எப்படித் தெரியும்?" என்ற சந்தேகம் எழுந்தது. சோதித்துப் பார்த்தார்கள். புள்ளிகள் தெரிந்தன!

எப்படிச் சாத்தியம்?

தேசிய தின அணிவகுப்பை நினைச்சுப் பாருங்க. நிற்பவர்கள் லேசாக ஆடினாலும் யாரும் தம் இடத்தைவிட்டு நகர்வதில்லை. வரிசை கலைவதில்லை. அணுக்களும் அப்படித்தான்.

1913இல் பீட்டர் டெபாய் அதைக் கணக்கில் காட்டினார். பிறகு ஐவார் வாலர் அதைத் திருத்தினார். இன்று அதன் பெயர் டெபாய்-வாலர் காரணி.

சூடு ஏறும்போது:

- புள்ளிகள் அகலமாவதில்லை, மங்குகின்றன.
- அகன்ற கோணத்தில் விழும் புள்ளிகள் அதிகம் மங்கும். நுணுக்கமான விவரங்கள் இருப்பதே அவற்றில்தான்.
- குறைந்த ஒளிர்வு தொலைவதில்லை. புள்ளிகளைச் சுற்றி மெல்லிய மூட்டமாகப் பரவுகிறது.
- பொருள் விரிவடைவதால் புள்ளிகளின் இடமும் சற்று மாறும்.

நமக்கு என்ன பயன்?

புரதப் படிகங்களைப் பெரும்பாலும் சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்துப் படமெடுக்கிறார்கள். அதிர்வு குறையும். அதைவிட முக்கியம், எக்ஸ்-ரே படிகத்தைச் சிதைப்பதும் வெகுவாகக் குறையும்.

உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிய இந்த உத்தி கைகொடுத்தது. அதற்காக 2009இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். கிருமியின் ரைபோசோமைச் சில மருந்துகள் எப்படி முடக்குகின்றன என்பதும் அப்படித்தான் தெளிவானது.

முழுக்கக் குளிரவைத்தால் அதிர்வு நின்றுவிடுமா?

நிற்காது. மைனஸ் 273.15 டிகிரியிலும் சிறு அதிர்வு மிஞ்சும். அது குவாண்டம் விதி.

அதிர்வு வெறும் தொல்லையும் இல்லை. புள்ளிகள் எவ்வளவு மங்குகின்றன என்பதை வைத்தே, எந்த அணு எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லிவிடலாம்.