அயர்லாந்தின் நாட்டுப்புற மாளிகை விடுதிகள்

அயர்லாந்தின் நிலக்கிழார்கள் தங்கள் பண்ணைகளின் நடுவே கட்டிக்கொண்ட பழைய மாளிகைகள் பல, இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாக இயங்குகின்றன. குத்தகைப் பணத்தில் எழுந்த இவ்வீடுகளில் பலவற்றை இப்போது காப்பாற்றுவது அறை வாடகைதான்.

18ஆம் நூற்றாண்டு இவற்றின் பொற்காலம். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சபாநாயகர் வில்லியம் கொனோலிக்காக 1722இல் கில்டேர் கவுண்டியில் தொடங்கப்பட்ட காசல்டவுன் மாளிகை, பிற நிலக்கிழார்களுக்கு முன்மாதிரியானது. நிலம் பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்த புராட்டஸ்டன்ட் குடும்பங்களிடம் இருந்தது. உழுதவர்களோ பெரும்பாலும் கத்தோலிக்கக் குத்தகைதாரர்கள்.

1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் இந்த அமைப்பை உலுக்கியது. குத்தகை வரவு நின்றது. பல பண்ணைகள் கடனில் மூழ்கின. பின்னர் 1903ஆம் ஆண்டு நிலச்சட்டம், அரசுக் கடனுதவியுடன் குத்தகைதாரர்களே நிலத்தை வாங்க வழிசெய்தது. மாளிகை மிஞ்சியது, அதைப் பேணும் வருமானம் மிஞ்சவில்லை.

கால்வே கவுண்டியின் கடலோர ரென்வைல் மாளிகை இந்த வரலாறு முழுவதையும் கண்டது. குத்தகைதாரர்களின் நிலப் போராட்டத்தால் வருமானம் சரிந்தபோது, கரோலின் பிளேக் 1883இல் தன் வீட்டையே விடுதியாகத் திறந்தார். 1917இல் அதை எழுத்தாளர் ஆலிவர் செயின்ட் ஜான் கோகார்ட்டி வாங்கினார். உள்நாட்டுப் போரின்போது 1923இல் அது எரிக்கப்பட்டது. மீண்டும் கட்டப்பட்டு, 1930இல் விடுதியாகவே திறக்கப்பட்டது.

1920 முதல் 1923 வரை 200க்கும் மேற்பட்ட மாளிகைகள் தீக்கிரையாயின. தப்பிய வீடுகளிலும் சிலவற்றின் கூரையை, வரியைத் தவிர்ப்பதற்காக உரிமையாளர்களே பிரித்தெடுத்தனர்.

பாலினஹிஞ்ச் மாளிகையின் கதை இந்தியாவையும் தொடுகிறது. ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங்ஜி, மீன்பிடிப்பில் கொண்ட ஆர்வத்தால் 1924இல் அதை வாங்கினார். 1933இல் அவர் மறைந்த பின் கைமாறிய அம்மாளிகையை, 1946இல் அயர்லாந்து சுற்றுலா வாரியம் வாங்கி விடுதியாக்கியது. அதற்கு முன்பே, 1939இல், கின்னஸ் குடும்பத்தின் பழைய ஆஷ்ஃபோர்டு கோட்டையும் விடுதியாகியிருந்தது.

இன்றைய பாணிக்கு வடிவம் தந்தவர் மர்ட்டில் ஆலன். கார்க் கவுண்டியிலுள்ள பாலிமலூ என்ற தம் பண்ணை வீட்டின் உணவுக்கூடத்தை 1964இல் உணவகமாகத் திறந்தார். சொந்தப் பண்ணையின் காய்கறிகளும், அருகிலுள்ள துறையில் வந்திறங்கும் மீனுமே அன்றாட உணவுப்பட்டியலைத் தீர்மானித்தன. சில ஆண்டுகளில் தங்கும் அறைகளும் சேர்ந்தன. ஆடம்பரத்தைவிட வீட்டுக்காரரின் உபசரிப்பே பெரிது என்ற அவரது வழியைப் பல குடும்பங்கள் பின்பற்றின.

தகுதிபெற்ற பாரம்பரியக் கட்டடங்களின் பழுதுபார்ப்புச் செலவுக்கு இன்று வரிச்சலுகை உண்டு. கட்டடத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பதோ, விருந்தினர் இல்லமாக நடத்துவதோ அதற்கு நிபந்தனை. 1992இல் தொடங்கிய ஐரிஷ் லேண்ட்மார்க் டிரஸ்ட், சிதைந்த காவல்வீடுகளையும் சிறு கோட்டைகளையும் சீரமைத்து வாடகைக்கு விடுகிறது.

சுவர்களைக் காப்பதோடு பணி முடிந்துவிடாது. ராஸ்காமன் கவுண்டியின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையில் 1994இல் திறக்கப்பட்ட தேசியப் பஞ்ச அருங்காட்சியகம், அந்தப் பண்ணையின் ஆவணங்களைக் கொண்டே குத்தகைதாரர்களின் துயரத்தைச் சொல்கிறது. விருந்தினரை வரவேற்கும் ஒவ்வொரு மாளிகையும் அம்மக்களின் வரலாற்றுக்கு இத்தகைய இடம் தர வேண்டும்.