மீசைக்காரர் வாங்கிய குத்து

1997-ம் வருஷம், மார்ச் 26. லிஸ்பன் நகரை ஒட்டிய ஜாமோர் என்ற இடத்தில் போர்ச்சுகலின் தேசியக் கால்பந்து அணி பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. ஓர் இளைஞர் வந்து இறங்குகிறார். பெயர் ரிகார்டோ ஸா பிண்ட்டோ. ஸ்போர்ட்டிங் கிளப்பின் முன்கள ஆட்டக்காரர். வரப்போகிற ஆட்டத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கத்தான் வந்தார். கேட்டது வாயால் அல்ல, கையால். பயிற்சியாளருக்கு விழுந்தது குத்து. தடுக்க வந்த உதவியாளருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

ஸா பிண்ட்டோவுக்கு ஒரு வருஷத் தடை. விஷயம் அத்துடன் முடிந்தது என்று நினைப்பீர்கள். எனக்கோ அடித்தவரைவிட அடி வாங்கியவர்தான் சுவாரசியமாகத் தெரிகிறார். ஏனென்றால், ஆட்டக்காரனுக்கும் கேள்வி கேட்கிற உரிமை உண்டு என்று அந்த தேசத்தில் முதலில் குரல் கொடுத்த சிலரில் அவரும் ஒருவர்.

ஆர்தூர் ஜோர்ஜ். 1946-ல் போர்ட்டோ நகரில் பிறந்தவர். அடர்த்தியான மீசை. அதிகம் பேசமாட்டார். ஜெர்மானிய மொழியியலில் பட்டம் வாங்கியவர். கவிதை எழுதுவார், தொகுப்பே போட்டிருக்கிறார். கால்பந்துக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். கோலும் போட்டார்.

அறுபதுகளின் பின்பாதியில் அவர் ஆடியது கோயம்ப்ரா பல்கலைக்கழகத்தோடு ஒட்டிப் பிறந்த அகடெமிகா அணியில். ஆட்டக்காரர்களில் பலர் நிஜமாகவே மாணவர்கள். நாட்டிலோ சர்வாதிகாரம். 1969 ஏப்ரலில் ஜனாதிபதி அமெரிக்கோ தோமாஸ் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டடம் திறக்க வந்தார். மாணவர் தலைவர் பேச அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை, கைதுதான் கிடைத்தது. கோயம்ப்ரா கொதித்துவிட்டது.

அந்த வருஷம் பார்த்து அகடெமிகா, போர்ச்சுகல் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்து தொலைத்தது. எதிரணி பென்ஃபிகா. கேலரி முழுக்க மாணவர்கள், போராட்ட வாசகங்கள். கோப்பை கொடுக்க வேண்டிய ஜனாதிபதி மைதானத்துப் பக்கமே வரவில்லை. டி.வி.யிலும் ஆட்டத்தைக் காட்டவில்லை. அகடெமிகா 2-1 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. வெற்றி கோல் யூசேபியோவுடையது.

அன்றைக்கு ஆர்தூர் ஜோர்ஜ் ஆடவில்லை. ராணுவ சேவையில் இருந்தார். தன் தோழர்களின் ஆட்டங்களிலேயே மிகப் பெரிய ஆட்டம், தான் இல்லாமலே நடந்து முடிந்தது.

அதே வருஷம் பென்ஃபிகாவுக்கே போய்ச் சேர்ந்தார். யூசேபியோவுக்குப் பக்கத்தில் நின்று ஆடுவதென்றால் சும்மாவா? 1970-71, 1971-72 இரண்டு சீசன்களிலும் லீகில் அதிக கோல் அடித்தவர் இவர்தான், யூசேபியோ அல்ல. நாலு முறை லீக் பட்டம், தேசிய அணிக்கு 16 ஆட்டம்.

பேர், பணம், மைதானம் நிறையக் கைதட்டல். வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம். ஆனால் 1972-ல், சர்வாதிகாரம் உயிரோடு இருக்கும்போதே, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் உருவானது. அதை உருவாக்கியவர்களில் இவர் ஒருவர். முதல் தலைவரும் இவரே. அன்றைக்கு ஆட்டக்காரன் என்பவன் கிளப்பின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தாலும் முதலாளி விட்டால்தான் வேறிடம் போகலாம். இவன் மாடு இல்லையப்பா, மனுஷன் என்று சொல்லத்தான் அந்தச் சங்கம். புரட்சி வந்து ஆட்சி கவிழ்ந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

ஆட்ட வாழ்க்கை முடிந்ததும் கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகருக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பு படித்தார். ஜெர்மன் அதற்கும் உதவியிருக்கும். 1984-ல் பிறந்த ஊரின் போர்ட்டோ அணிக்குப் பொறுப்பேற்றார். அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம். அதன் பிறகு வந்தது 1987 மே 27, வியன்னா. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம்.

எதிரே பேயர்ன் மியூனிக். போர்ட்டோவின் கோல் எந்திரம் ஃபெர்னாண்டோ கோமெஸ் காலில் அடிபட்டு ஆடவில்லை. 25-வது நிமிஷத்திலேயே ஜெர்மானியர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் என்று முடிவு கட்டியவர்கள் அநேகம் பேர். இடைவேளையில் மீசைக்காரர் ஒரு காரியம் செய்தார். நடுக்களத்தில் ஒருவரை எடுத்துவிட்டு, ஜுவாரி என்கிற பிரேசில்காரரை முன்னால் இறக்கினார். தாக்கு, அவ்வளவுதான் திட்டம்.

77-வது நிமிஷம். அல்ஜீரியாவின் ரபா மட்ஜேர், கோலுக்கு முதுகைக் காட்டியபடி, குதிகாலால் பந்தைத் தட்டி உள்ளே அனுப்பினார். ஜெர்மானியர்கள் மூச்சு வாங்குவதற்குள் அதே மட்ஜேர் பந்தைத் தூக்கிக் கொடுக்க, ஜுவாரி அடித்தார். 2-1. பென்ஃபிகா 1962-ல் வாங்கிய பிறகு அந்தக் கோப்பை போர்ச்சுகலுக்கு வந்தது அன்றைக்குத்தான். பென்ஃபிகாவை ஜெயிக்க வைத்தவர் ஒரு ஹங்கேரிக்காரர். ஒரு போர்ச்சுகீசியப் பயிற்சியாளர் ஜெயித்தது இதுவே முதல்முறை. மொரின்யோ வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னால்.

அப்புறம் பாரிஸ். 1994-ல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணிக்குப் பிரெஞ்சு லீக் பட்டம். ஜெயித்த கையோடு பென்ஃபிகாவுக்குத் திரும்பினார். சறுக்கல் அங்கே ஆரம்பம். அந்த சீசனின் நடுவில் மூளையில் கட்டி என்று அறுவை சிகிச்சை. எழுந்து வந்து மறுபடி வேலை பார்த்தார். அடுத்த சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் வேலையே போய்விட்டது.

1996 ஐரோப்பியப் போட்டிக்கு ஸ்விட்சர்லாந்து அணி. நட்சத்திரங்களான சுட்டரையும் க்னுப்பையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார். ஸ்விஸ் பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தன. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்தை டிரா செய்ததோடு சரி. அடுத்த இரண்டும் தோல்வி.

அதன் பிறகுதான் போர்ச்சுகல் அணி, ஜாமோர், குத்து. அந்த அணியால் 1998 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற முடியவில்லை. கேமரூனுக்குப் போனார். கடைசித் தகுதி ஆட்டத்தின் கடைசி நேரத்தில் ஒரு பெனால்ட்டி கம்பத்தில் பட்டுத் திரும்ப, 2006 உலகக் கோப்பையும் கைநழுவியது. 2024 பிப்ரவரி 22-ம் தேதி, நீண்ட நாள் உடல்நலக் குறைவுக்குப் பிறகு, 78 வயதில் காலமானார்.

முதலாளிகளை எதிர்த்துச் சங்கம் கட்டியவர், 25 வருஷம் கழித்து, பட்டியல் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறார். ஆள் மாறிவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கத்துக்காரராக இருந்தபோது எல்லாருக்கும் சேர்த்துப் பேசலாம். பயிற்சியாளருக்கு அந்த வசதி கிடையாது. பதினொரு பேரைத்தான் இறக்க முடியும். பன்னிரண்டாவது ஆளிடம் அவர் கெட்டவராகத்தான் இருந்தாக வேண்டும்.

குத்து விட்ட ஸா பிண்ட்டோவும் பிற்பாடு பயிற்சியாளர் ஆனார். 2012-ல் தன் பழைய ஸ்போர்ட்டிங் அணிக்கே பொறுப்பேற்றார். பட்டியல் எழுதும்போது ஜாமோர் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்?