சூலியா தெரு: கட்டடக் காப்பும் பெயர்க் காப்பும்

பழைய வீடுகளைக் காக்கிறோம் என்னும்போது நாம் எதைக் காக்கிறோம்? இவ்வினாவைப் பினாங்கின் சூலியா தெருவைக் கொண்டு ஆராய்வது பயனுடையது.

1786-இல் பிரான்சிசு லைட் நிறுவிய ஜார்ஜ் டவுன் நகரின் மிகப் பழைய தெருக்களுள் இது ஒன்று. முதலில் மலபார் தெரு எனப்பட்டது. பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களைக் குறித்த 'சூலியா' என்னும் பெயரே நிலைத்தது. அச்சொல்லைச் 'சோழ' என்பதோடு இணைத்துக் காண்போர் பலர். கடைக்காரரும் கூலித்தொழிலாளருமாக ஏறத்தாழ ஆயிரம் சூலியர் இங்கு வாழ்ந்ததாக 1794-இல் லைட் எழுதினார். 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கப்பட்டது. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவும் இத்தெருவிலேயே உள்ளது.

கட்டடங்களைப் போலவே பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளாகும். பள்ளிவாசலை அடுத்துள்ள 'கம்போங் கோலம்' என்னும் இடப்பெயரில் இருப்பது நம் 'குளம்' என்னும் சொல். மலாய்மொழியின் 'கெடை' நம் 'கடை'. தமிழர் இங்கே வந்துபோன விருந்தினர் அல்லர், ஊரை உருவாக்கியவருள் ஒரு சாரார் என்பதை இச்சொற்கள் நிறுவுகின்றன.

இத்தெருவின் கடைவீடுகள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு ஒரு சட்டமும் காரணம். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் வைத்திருந்தது. உரிமையாளர் பலர் பழுதுபார்ப்பதில் அக்கறை காட்டவில்லை. எனினும் கீழே கடையும் மேலே குடும்பமுமாக எளியோர் வாழ முடிந்தது. 1997-இல் இயற்றிய நீக்கச் சட்டத்தால் இக்கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிவுற்றது. வாடகை ஏறியது, பழங்குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. முகப்புகள் பாதுகாப்புப் பெற்றன. ஆனால் பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

இங்கேதான் உள்ளூர் அமைப்புகளின் பணி முதன்மை பெறுகிறது. 1986-இல் தோன்றிய பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை, பட்டியல் வருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கட்டடங்களுக்காகக் குரல் கொடுத்தது. மரபுக் கைவினைஞரையும் தேடிச் சிறப்பித்தது. அவ்வமைப்பின் தலைவராக இருந்த கூ சல்மா நசூத்தியோன் 2014-இல் வெளியிட்ட பினாங்குச் சூலியர் பற்றிய நூல், பள்ளிவாசலைச் சூழ்ந்து ஒரு சமூகம் வளர்ந்த வரலாற்றை விரிவாகக் காட்டுகிறது.

ஆயினும் தமிழில் செய்யவேண்டிய பணி நம்முடையதே. சுண்ணச் சாந்தைக் கொண்டு சுவரைப் புதுப்பிக்கலாம். பேசுவோர் மறைந்தபின் அவர்கள் வழங்கிய தெருப்பெயரை மீட்பது அரிது. ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் மூன்றனைத் தொகுக்கவேண்டும்: முதியோர் வாய்மொழியில் வழங்கும் தெருப்பெயர்கள், பழைய கடைப் பலகைகளின் எழுத்துகள், தொழில்சார் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், நாள், சொன்னவர் வயது, பூர்வீக ஊர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒரு பள்ளி ஒரு தெருவை எடுத்துக்கொண்டாலே போதும். இத்தொகுப்பைச் சில ஆண்டுகளில் நாம் முடித்துவிட இயலும்.